பாரிமுனையில் சாப்பிடுவது பற்றி

கோவில்பட்டியிலிருந்து ஒரு நண்பர், கவிஞர், கடிதம் எழுதியிருந்தார். மூன்று நாள் சென்னையில் தங்கப் போகிறாராம். ஊர்க்காரன் எங்கே சாப்பிடுவான், எங்கே சாமான் வாங்குவான் என்று ஒரு பட்டியல் வேண்டுமாம். வெளியூர்க்காரர்களுக்காகத் தயாரித்த பட்டியல் வேண்டாம், உனக்குப் பிடித்த இடங்கள் மட்டும் போதும் என்று கீழே கோடு போட்டிருந்தார். நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை பாரிமுனையை ஒட்டிய தெரு ஒன்றில் இருக்கிறது. பதினோரு வருஷமாக மதியச் சாப்பாட்டு வேளையிலும், சாயங்காலம் கணக்கு முடித்த பிறகும் இந்தத் தெருக்களில்தான் நடந்துகொண்டிருக்கிறேன். அரைமணி நேர வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். இரண்டு வாரமாகியும் பட்டியல் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று யோசித்ததில் விளைந்தது இது.

சென்னையைப் பற்றி இப்போது நிறைய எழுதப்படுகிறது. ஆகஸ்ட் மாதம் வந்தால் ஊருக்குப் பிறந்த நாள் கொண்டாடுகிறார்கள். அந்த வாரம் வெளியாகும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு ஹோட்டல் இருந்தது, அதில் காப்பி நன்றாக இருந்தது, இப்போது அது இல்லை. உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 1962இல் திறந்து 2008இல் மூடப்பட்டது பற்றி மட்டும் நான் எத்தனை கட்டுரைகள் படித்திருப்பேன் என்று கணக்கில்லை. அந்த இடத்தில் இன்று செம்மொழிப் பூங்கா இருக்கிறது. இழப்பை எழுதுவது தவறென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எழுதுகிறவர்களின் ஞாபகம் தங்கள் டம்ளரைத் தாண்டிப் போவதில்லை. அந்த ஹோட்டல் அங்கே வருவதற்குமுன் அந்த இடத்தில் என்ன இருந்தது, அங்கே யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது, சமைத்தவன் எங்கிருந்து வந்தான் என்ற கேள்விகள் அவர்களுக்கு எழுவதேயில்லை. ருசியைப் பற்றிய ஞாபகம் சரித்திரத்துக்கு மாற்றாக வைக்கப்படுகிறது.

பாரிமுனைக்கு நவீனத் தமிழ் இலக்கியத்தில் நிரந்தரமான ஓர் இடம் உண்டு. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ 1943இல் வந்த கதை. அது ப்ராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற மூலையில்தான் ஆரம்பமாகிறது. பூலோகத்துக்கு வந்த கடவுளைக் கந்தசாமிப் பிள்ளை அங்கிருந்து அழைத்துப் போவது காப்பி ஹோட்டலுக்கு. பில்லுக்குக் கடவுள் நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறார். சில்லறை மாற்றுவதற்காகவே வந்து காப்பி குடித்தவர்களோ என்று ஹோட்டல்காரருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கிறவன் என்ற முறையில் அந்தச் சந்தேகத்தின் யதார்த்தத்துக்கு நான் சாட்சி சொல்ல முடியும். நம் விமர்சகர்கள் இந்தக் கதையில் தத்துவம் தேடினார்கள், அங்கதத்தைக் கண்டு மகிழ்ந்தார்கள். கதை ஏன் இந்த மூலையில் ஆரம்பிக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. ட்ராம் நிற்கும் இடம், கூட்டம் கூடும் இடம் என்று எளிதாகப் பதில் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை.

எஸ்பிளனேட் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளலாம். கோட்டைக்கு எதிரே, பீரங்கிக்கு மறைப்பில்லாமல் வெறுமையாக விடப்படும் நிலத்துக்கு அந்தப் பெயர். இங்கே அந்த வெறுமை தானாக இருந்ததில்லை. செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி, நெசவாளர்களும் வியாபாரிகளும் குடியிருந்த பழைய கறுப்பர் பட்டணம் இருந்தது. 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். 1749இல் ஊர் திரும்பக் கிடைத்ததும் ஆங்கிலேயர்கள் மிச்சத்தையும் இடித்தார்கள். எதிரி ஒளிந்துகொள்ள வீடு இருக்கக் கூடாது என்பது நியாயம். 1757இல் சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இடிபட்டது. பின்னால் மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியில் தேவராஜ முதலித் தெருவை ஒட்டி, சென்ன மல்லீசுவரர் கோயிலோடு இரட்டைக் கோயிலாக அது திரும்ப எழுந்தது. இதற்கு மேல் வீடு கட்டக் கூடாது என்று எல்லை காட்ட 1773இல் ஆறு கல்தூண்களை நட்டார்கள். அவற்றில் ஒன்று இன்றும் டேர் ஹவுஸ் பக்கம் நிற்கிறது. சர்பத் குடித்துவிட்டு டம்ளரை அதன் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் வைத்திருக்கிறேன், அது என்னவென்று தெரியாத காலத்தில். இடித்த நிலத்தின் மேல் 1892இல் ஹைகோர்ட் வந்தது. வெளியேற்றப்பட்டவர்கள் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அதுவும் கறுப்பர் பட்டணம் என்றே அழைக்கப்பட்டு, 1906இல் ஜார்ஜ் டவுன் ஆயிற்று.

ஆக, கந்தசாமிப் பிள்ளை கடவுளைச் சந்திக்கிற இடம், கடவுள் உட்பட எல்லோரையும் ஒருமுறை காலி செய்ய வைத்த இடம். புதுமைப்பித்தன் இதை நினைத்து எழுதினார் என்று நான் வாதாட மாட்டேன். அவருக்கு இது தேவையும் இல்லை. எனக்குத் தேவைப்படுகிறது. ஏனென்றால் என் பட்டியலில் நான் எழுதிய ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் இதே மாதிரி ஒரு காலி செய்தல் வந்து நின்றது.

முதலில் எழுதியது கடைகள். துணிக்குக் கோடவுன் தெரு. நாட்டு மருந்துக்கு ராசப்பச் செட்டித் தெரு. சுக்கு, திப்பிலி, அதிமதுரம் என்று அந்தத் தெருவில் மூக்கே வழிகாட்டும். காகிதத்துக்கு ஆண்டர்சன் தெரு. சிறுபத்திரிகை நடத்துகிற எவரும் அங்கே போய் ரீம் விலை கேட்டு முகம் வாடித் திரும்பியிருப்பார்கள். இலக்கிய இயக்கங்களின் சரித்திரத்தைக் காகித விலையை வைத்தே ஒருவர் எழுதலாம். ஈவினிங் பஜார் பக்கம்தான் பழைய குஜிலிக் கடைகள். கொலைச் சிந்து, ரயில் விபத்துச் சிந்து, தேவடியாள் பாட்டு என்று காலணா அரையணாவுக்கு விற்ற அந்தப் பாட்டுப் புத்தகங்களை நம் பண்டிதர்களும் நவீனர்களும் சேர்ந்தே ஒதுக்கினார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ எழுதிய பிறகுதான் அவற்றுக்கு மரியாதை வந்தது. காய்கறிக்கு என்று எழுதப்போய் நிறுத்திக்கொண்டேன். கொத்தவால் சாவடி 1996இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது.

இரண்டாவதாக எழுதியது புத்தகம். இங்கே ஒரு வாக்குமூலம் தேவை. மூர் மார்க்கெட்டை நான் பார்த்ததில்லை. அது எரிந்தது 1985 மே 30ஆம் தேதி. நான் பிறந்தது அதற்குப் பிறகு. ஆனால் எங்கள் வீட்டில் ஆங்கிலப் புத்தகம் என்று இருந்த அத்தனையும் அங்கிருந்து வந்தவை. அப்பா மாநகராட்சியில் கடைநிலை ஊழியர். சம்பள நாளன்று வீட்டுக்கு வரும் வழியில் ஒரு புத்தகம் வாங்குவார். உள்ளட்டையில் பென்சிலால் விலை எழுதியிருக்கும், அதை அடித்துக் குறைந்த விலை எழுதியிருக்கும், அதையும் அடித்திருக்கும். பேரத்தின் மூன்று கட்டங்கள். நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் எடுத்ததற்கு அந்தப் பென்சில் எழுத்துகள்தான் காரணம் என்று சொன்னால் மிகையில்லை.

ஆகவே மூர் மார்க்கெட்டுக்காக ஏங்க எனக்கும் உரிமை உண்டு. இருந்தாலும் அந்தக் கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஸ்டீபன் போபம் என்ற வழக்கறிஞரின் பெயரில் இருந்த ப்ராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. அந்தப் பக்கம் சாலையோரம் கடை போட்டிருந்தவர்களை அப்புறப்படுத்தி ஒரு கூரைக்குள் வைப்பதற்காக, நகரசபைத் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் காலத்தில் 1898இல் அஸ்திவாரம் போட்டு 1900இல் திறந்தார்கள். நெருப்புக்குப் பிறகு கடைக்காரர்களை அல்லிக்குளம் வளாகத்துக்கு அனுப்பினார்கள். மார்க்கெட் இருந்த இடம் ரயில்வேக்குப் போயிற்று. மின்சார ரயில் நிலையத்துக்கு மார்க்கெட்டின் பெயர் மட்டும் மிஞ்சியது. வாசலில் பழைய கட்டடத்தின் சிறிய உருவம் ஒன்றையும் வைத்தார்கள். அதாவது, ஒருமுறை காலி செய்யப்பட்டவர்களுக்காகக் கட்டியது, இரண்டாம் முறை காலியாயிற்று. அப்பா அல்லிக்குளத்துக்கு ஒரே ஒரு தடவை போனார். ‘அவன் என்னை அடையாளம் கண்டுகிட்டான், ஆனா அவன்கிட்ட புக் இல்ல’ என்றார். பிறகு போகவில்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். நண்பர் கேட்டதும் முக்கியமாக அதைத்தான்.

அப்பாவின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் ஹோட்டலுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டதைத் தான் பார்த்ததே இல்லை என்று அப்பா சொல்வார். காசு இல்லாமலில்லை, கூலி வாங்கிய அன்றுகூட வாங்கி வெளியில் நின்றுதான் சாப்பிடுவார். ஏன் என்று கேட்டால், ‘உள்ள காத்து வராது’ என்பாராம். அந்தக் காற்று என்ன காற்று என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் என்றிருந்த ஏற்பாடு போராட்டங்களுக்குப் பிறகு 1941இல் ஒழிந்தது. ஹோட்டல் பலகைகளில் ‘பிராமணாள்’ என்ற சொல் அதற்குப் பின்னும் இருந்தது. 1957இல் திருவல்லிக்கேணியில் முரளி கஃபேயின் பலகையிலிருந்து அந்தச் சொல்லை அழிக்கப் பெரியார் கிளர்ச்சி தொடங்கி, மாதக்கணக்கில் நாள் தவறாமல் ஆட்கள் கைதானார்கள். நம் இலக்கியப் பத்திரிகைகளின் பழைய இதழ்களில் அந்தக் கிளர்ச்சியைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். இலக்கியம் பேசியவர்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. கந்தசாமிப் பிள்ளையின் கடவுள் காப்பி குடித்தது 1943இல், இந்த இரண்டு வருஷங்களுக்கும் நடுவில். கடவுளிடம் நோட்டைப் பற்றித்தான் சந்தேகப்பட்டார்கள். தாத்தா வந்திருந்தால் சந்தேகம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

உடுப்பிக்காரர்களின் வரவு இதில் ஒரு தனி அத்தியாயம். உட்லண்ட்ஸை நிறுவிய கே. கிருஷ்ணராவ் தொழில் ஆரம்பித்தது ஜார்ஜ் டவுனில், ஆச்சாரப்பன் தெருவில் ஒரு சிறு ஹோட்டலில். திருவல்லிக்கேணி ரத்னா கஃபே 1948இல் வந்தது. வடக்கேயிருந்து வந்த ஒரு குடும்பம் ஆரம்பித்தது. இட்லி முழுகுமளவு சாம்பார் ஊற்றும் அந்த வழக்கத்தை அசல் மதராஸ் ருசி என்று இன்று எல்லோரும் கொண்டாடுகிறோம். மின்ட் தெருவில், சவுக்கார்பேட்டையில், இரண்டு முறுக்குக்கு நடுவே வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி வைத்துத் தருவார்கள். குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்கள் வாழும் தெருவில் தமிழ்நாட்டு முறுக்குக்கு நேர்ந்த கதி அது. மோசமான கதி என்று சொல்ல மாட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு அதற்கு இணை இல்லை. இவையெல்லாம் பட்டியலில் இருக்கின்றன. இவற்றைப் பற்றி எழுத எனக்குச் சிரமமில்லை.

சிரமம் கடைசிப் பெயரில் வந்தது. என்னை உண்மையாகவே ஓர் இடத்தைச் சொல்லச் சொன்னால், பீச் ஸ்டேஷனுக்கு எதிரே செகண்ட் லைன் பீச் தெருவில் அத்தோ வண்டிகள் நிற்குமிடத்தைத்தான் சொல்வேன். தெரியாதவர்களுக்கு: செம்மஞ்சள் நிறத்தில் தடித்த நூடுல்ஸ். அதில் முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், எலுமிச்சை, மிளகாய்த்தூள், பூண்டும் வெங்காயமும் பொரித்த எண்ணெய், பேஜோ என்கிற மொறுமொறுப்பான வடைத் தட்டை நொறுக்கியது, எல்லாவற்றையும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூட வாழைத்தண்டு சூப், கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். அவித்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டும் திணித்துப் புளித்தண்ணீர் விட்டும் ஒன்று உண்டு. நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும். தாத்தாவுக்குப் பிடித்திருக்கும்.

இதைப் பற்றி என்னிடம் ஒரு கோட்பாடு இருந்தது. நண்பர்களிடம் அடிக்கடி சொல்வேன். பர்மிய மொழியில் பிசைந்து கலந்ததற்கு அதோக் என்று பெயர். நம் வாயில் அது அத்தோ ஆயிற்று. மொஹிங்கா என்பது அங்கே கெளுத்தி மீன் குழம்பில் மெல்லிய அரிசி நூடுல்ஸ். அந்தக் குழம்பில் வாழைத்தண்டும் போடுவார்கள். இங்கே மீன் போய்விட்டது, வாழைத்தண்டு மட்டும் நின்றது, பெயர் மொய்ங்கா. மீன் ஊறலான ஙாப்பியும் போயிற்று. ஆகவே இது ஒரு மொழிபெயர்ப்பு என்பது என் வாதம். மூலத்தின் சாரம் எது என்று மொழிபெயர்ப்பவன் ஒரு முடிவு எடுக்கிறான், மற்றதை விடுகிறான். நல்ல மொழிபெயர்ப்பு போலவே அத்தோவும் சேருமிடத்து மொழியில் புதிதாக ஒன்றைச் செய்துவிட்டது. அகதிகளின் ஞாபகம் நாக்கில் தங்கியது என்று முடிப்பேன். கேட்டவர்களுக்குப் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது.

அந்த ஞாபகத்தின் பின்னணி சுருக்கமாக இது. பர்மாவுக்குப் பணம் போனதும் ஆள் போனதும் இந்தப் பாரிமுனை வழியாகத்தான். பவளக்காரத் தெருவில் தங்கிய நகரத்தார்களின் மூலதனம் கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் இறங்கிற்று. 1930களின் விலைவீழ்ச்சியில் கடன் திரும்பாமல், முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறையக் கால்பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. அதே கப்பல்களில் கீழ்த்தளத்தில் கூலிகளும், கணக்கப்பிள்ளைகளும், கடைக்காரர்களும் போனார்கள். 1942இல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கானோர் கால்நடையாகத் திரும்பினார்கள். வழியில் செத்தவர்கள் பலர். போர் முடிந்து பலர் திரும்பவும் போனார்கள். 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் தேசியமயமாயின. அதே ஆண்டு ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாமல் ஆக்கப்பட்டன. அடுத்த சில வருஷங்களில் ஏறக்குறைய 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். தமிழர்களில் பெரும்பாலோர் வந்து இறங்கியது சென்னைத் துறைமுகத்தில். துறைமுகத்துக்கு எதிர்ச் சாரியிலேயே, ராஜாஜி சாலையில், அவர்கள் பிழைக்க 1969இல் கடைகள் ஒதுக்கப்பட்டன. அதுதான் பர்மா பஜார். அவர்களுக்கென்றே ரெப்கோ வங்கியும் அதே 1969இல் தோன்றியது. அதே வருஷம் ஜூலையில் 14 வங்கிகள் தேசியமயமானதைத்தான் எங்கள் தொழிற்சங்கக் கூட்டங்களில் பேசுவார்கள். இதை யாரும் பேசிக் கேட்டதில்லை.

இறக்குமதிக்குக் கெடுபிடி இருந்த காலம் அது. வெளிநாட்டுப் பேனா, சென்ட், டேப்ரிக்கார்டர் எல்லாம் பர்மா பஜாரில்தான். அவற்றில் பர்மாவிலிருந்து வந்த பொருள் ஒன்றுகூட இருந்திருக்காது என்பது வேடிக்கை. 1991க்குப் பிறகு அந்தச் சாமான்கள் எல்லாக் கடையிலும் கிடைக்க ஆரம்பித்தன. பஜார் கேசட்டுக்கும், பிறகு சி.டி.க்கும், பிறகு செல்போனுக்கும் மாறியது. பெயரில் மட்டும் பர்மா மிச்சம். தெரு திரும்பினால் வண்டியில் அத்தோ மிச்சம்.

எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கும் ஒரு பெரியவர் ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்றுக்காக வருவார். கைரேகை இயந்திரத்தில் அவர் விரல் பதிவாகவே பதிவாகாது. தேய்ந்துபோன விரல்கள். ஐந்தாறு முறை துடைத்துத் துடைத்து வைக்க வேண்டும். அந்த நேரத்தில் பேசிக்கொண்டிருப்போம். 1964இல் பதினெட்டு வயதில் ரங்கூனிலிருந்து வந்தவர் என்று போன வருஷம்தான் தெரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் மொழிபெயர்ப்புக் கோட்பாட்டை அவரிடம் சொன்னேன், கொஞ்சம் எளிமைப்படுத்தி. அசல் மொஹிங்காவின் ருசி எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

அவர் விரலைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: ‘தம்பி, நாங்க அங்க அதெல்லாம் சாப்பிட்டதில்ல. எங்கம்மா சோறு, குழம்புதான். ஞாயித்துக்கிழமை கறி. தெருவுல விக்கிறத வாங்கித் தின்னா அப்பா அடிப்பாரு, நம்ம சாப்பாட்ட விட்டுட்டு அவனுங்க சாப்பாடு என்னடான்னு. நான் மொஹிங்கா தின்னது ரெண்டு மூணு தடவ, திருட்டுத்தனமா.’

அப்படியானால் இங்கே யார் இதைச் செய்ய ஆரம்பித்தார்கள் என்று கேட்டேன்.

‘நாங்கதான். எங்க அண்ணன் வண்டி போட்டாரு. இங்க வந்து இறங்கினா எங்கள யாரும் தமிழன்னு சொல்லல. பர்மாக்காரன், பர்மாக்காரன்னுதான். இட்லிக் கடை போட்டா எவன் வருவான்? நூறு இட்லிக் கடை இருக்கு. பர்மாக்காரன்கிட்ட என்ன இருக்குன்னு கேப்பாங்க. சரி, அதையே விப்போம்னு, பார்த்தது, கேட்டது, நாலு பேரு ஞாபகம், எல்லாத்தையும் சேர்த்துப் பண்ணினதுதான். மீன் போட்டா பாதிப் பேரு வரமாட்டான். எடுத்துட்டோம். அண்ணி ஒரு நாளும் அதை வாயில வெச்சதில்ல.’

எல்லோருக்கும் அப்படி இருந்திருக்காது. அங்கே அதை ஆசையாகச் சாப்பிட்டு வளர்ந்தவர்களும் வந்திருப்பார்கள். பர்மியப் பெண்களை மணந்தவர்கள் இருந்தார்கள், பர்மிய மொழியில் கனவு கண்டவர்கள் இருந்தார்கள். இந்தியா பிடிக்காமல் திரும்பிப் போகப் புறப்பட்டு, எல்லையில் மணிப்பூரின் மோரே ஊரில் நின்றுவிட்ட தமிழர்களும் உண்டு. ஒரு பெரியவரின் வீட்டு அனுபவத்தை வைத்து ஒரு சமூகத்தின் அடுப்பை முடிவு செய்யக் கூடாது என்ற எச்சரிக்கை எனக்கிருக்கிறது. ஆனாலும் என் கோட்பாடு அன்று இயந்திரத்தில் பதியாத விரல் மாதிரி ஆயிற்று. ஞாபகம் நாக்கில் தங்கியது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேனே, அந்த ஞாபகம் யாருடையது? ரங்கூனில் சோறு தின்று தமிழர்களாக இருந்தவர்களை மதராஸ் பர்மாக்காரர்களாக்கி, அந்த வேஷத்துக்குரிய உணவையும் கேட்டு வாங்கிற்று. நான் அசல் எங்கே என்று தேடியதும் அதே கேள்வியின் இன்னொரு வடிவம்தான். பர்மாக்காரன்கிட்ட என்ன இருக்கு?

விமர்சனத்திலும் இதைத்தான் செய்கிறோமோ என்று தோன்றுகிறது. ஓர் எழுத்தாளன் எந்த ஊரிலிருந்து, எந்த ஜாதியிலிருந்து வந்தான் என்று பார்த்து, அந்த ஊரின் ருசியை அவனிடம் எதிர்பார்க்கிறோம். கரிசலிலிருந்து வந்தவன் கரிசலை எழுத வேண்டும். துறைமுகக் கூலியின் பேரன் துறைமுகத்தை எழுத வேண்டும். கொடுத்தால் அசல் என்று பாராட்டுகிறோம். என்னிடமும் ஓர் ஆசிரியர் ஒருமுறை கேட்டார், எலியட்டைப் பற்றி எதற்கு எழுதுகிறாய், உன் தாத்தாவைப் பற்றி எழுதலாமே என்று. நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். இந்தக் கட்டுரையில் தாத்தா வந்துவிட்டார் என்பதை அவர் கவனிப்பார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020இல் தெருவோர வியாபாரிகளுக்குப் பத்தாயிரம் ரூபாய்க் கடன் திட்டம் வந்தபோது விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை என் மேஜைக்கு வந்தது. அத்தோ வண்டிக்காரர் ஒருவரும் போட்டிருந்தார். முப்பது வயதிருக்கும், வியாசர்பாடியில் பிறந்தவர். தொழில் என்ற இடத்தில் ‘பர்மா உணவு’ என்று எழுதியிருந்தார். குடும்பம் ரங்கூனிலிருந்து வந்ததா என்று கேட்டேன். இல்லை சார், எங்க அப்பா செய்யாறு பக்கம், அந்த வண்டியில வேலைக்குச் சேர்ந்தாரு, ஓனருக்குப் பிள்ளைங்க இல்ல, வண்டி எங்களுக்கு வந்துச்சு என்றார். மாநகராட்சிச் சான்றில் ஒரு தெருப் பெயர், அவர் நிற்பது வேறொரு தெரு. முந்தின மாதம்தான் நகரச் சொல்லியிருந்தார்களாம். விண்ணப்பம் திரும்பிப் போயிற்று. திருப்பி அனுப்பும் சீட்டில் கையெழுத்து என்னுடையது. மறுபடி சான்று வாங்கி வந்து, நாலு மாதம் கழித்துக் கடன் கிடைத்தது. அதற்குப் பிறகு அவர் வண்டியில் எனக்குச் சூப் மூன்றாவது தடவை கேட்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அவர் கேட்காமலே ஊற்றிவிடுகிறார்.

போன நவம்பரில் பெரியவரிடம் ஒரு நாள் வண்டிக்கு வருகிறீர்களா என்று கேட்டுப் பார்த்தேன். பல் இல்லை தம்பி, பேஜோ கடிக்க முடியாது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, சூப் மட்டும்னா பாக்கலாம் என்றார்.

நண்பர் வருகிற சனிக்கிழமை வருகிறார். பட்டியலை அனுப்பவில்லை, நேரிலேயே அழைத்துப் போகிறேன் என்று எழுதிவிட்டேன். கிளை இரண்டாவது, நாலாவது சனிக்கிழமைகளில் விடுமுறை, இது மூன்றாவது, ஆகவே சாயங்காலம்தான். ஐந்தரைக்கு டேர் ஹவுஸ் வாசலில், அந்தக் கல்தூண் பக்கம் நிற்கச் சொல்லியிருக்கிறேன். ஏழு மணிக்கு மேல் போனால் வாழைத்தண்டு தீர்ந்துவிடும், வெறும் தண்ணீர்தான் ஊற்றுவார்கள்.